அன்னாசிப் பேணியும் மரமுந்திரிகைப் பழமும்

பாசிக்குடாவில் என் அம்மம்மாவின் அடுக்களையில் பழைய தகரப்பேணி ஒன்று இருந்தது. அதன்மேல் ஒட்டிய தாள் பாதி கிழிந்துபோயிற்று. எஞ்சிய பாதியில் முடியோடு கூடிய ஓர் அன்னாசிப்பழமும், அதன் கீழே 'சிங்கப்பூர்' என்னும் ஆங்கில எழுத்துக்களும் தெரிந்தன. வறுத்த மரமுந்திரிகைப் பருப்பை அம்மம்மா அதில்தான் இட்டு வைப்பார். பருப்பைத் தந்த பழமோ முற்றத்து மணலில் ஈ மொய்த்துக் கிடக்கும். இதனை ஏன் எவரும் பேணியில் அடைக்கவில்லை என்ற ஐயம் சிறு வயதிலேயே எனக்கு எழுந்ததுண்டு.

விடை தேடப் புகுந்தபோது அந்தப் பேணி பிறந்த துறைமுகத்தின் வரலாறு கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியர் சிங்கப்பூரில் தொடங்கிய தொழிலைச் சீன வணிகர் ஏற்றுப் பெருக்கினர். 1904ஆம் ஆண்டில் டான் கா கீ என்பவர் சிறு முதலுடன் ஓர் அன்னாசி ஆலை நிறுவினார். பழத்தைச் சீவி, கண் களைந்து, பாகு வார்த்து, பேணியை மூடிக் கொதிநீரில் அவிப்பார்கள். ஹவாயின் ஹொனலூலுத் துறைமுகத்தில் ஹென்றி ஜினாக்கா அமைத்த இயந்திரம் தோலுரிக்கும் வேலையை ஏற்றுக்கொண்ட பின்னரும், சிங்கப்பூரில் கைக்கத்தியே நெடுங்காலம் ஆட்சி செய்தது.

என்னை வியக்கவைத்தது வேறொன்று. இறப்பர்க் கன்று பால் தர ஐந்தாறு ஆண்டுகள் செல்லும். அதுவரை நிலம் வாளாவிருப்பானேன்? இடையே அன்னாசி நின்றால் கைச்செலவுக்குக் காசு வரும். 1906இல் டான் கா கீயும் தம் அன்னாசித் தோட்டத்தில் இறப்பர் விதைகளை ஊன்றினார். மரம் வளர்ந்து நிழல் கவிந்ததும் அன்னாசி விடைபெற்றுக்கொள்ளும். இறப்பருக்கு வாடகை இல்லாத குடியாக இருந்ததனாலேயே பழம் மலிந்தது. மலிந்ததனால் பிரித்தானியச் சந்தையில் இடம் பிடித்தது. பின்னர் அம்மரங்களிற் பால் வெட்டிய கைகளுட் பல தமிழர் கைகள்! 1942இல் ஜப்பானியர் சிங்கப்பூரைக் கைப்பற்ற, ஆலைகள் ஓய்ந்தன. போரின் பின் அன்னாசிக்கு ஜொகூரின் சதுப்பு நிலங்களே தாயகமாயின.

எங்கள் மரமுந்திரிகையும் அன்னாசியைப் போலத் தென்னமெரிக்காவிற் பிறந்து, போர்த்துக்கேயர் கப்பலேறிக் கீழ்த்திசை வந்ததே. ஆயினும் அதன் பழம் விழுந்த மறுநாளே புளிக்கும். துவர்ப்பு தொண்டையைப் பிடிக்கும். மணலிற் சிதறி நிற்கும் மரங்களின் பழத்தை ஒருநாட் பொழுதில் யார் திரட்டுவது? பிரேசிலில் அதன் சாற்றைப் போத்தலில் அடைக்கிறார்கள். கோவாவில் ஃபெனி வடிக்கிறார்கள். அயலிலுள்ள வாழைச்சேனையில் 1950களில் எழுந்த காகித ஆலை, வயலில் எஞ்சிய வைக்கோலையே காகிதமாக்கியது. வைக்கோலுக்கு வாய்த்த நல்லூழ் எங்கள் பழத்துக்கு வாய்க்கவில்லை.

அம்மம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். "விழுந்த பழத்தை ஆர் மனே வாங்குவான்? கொட்டையைத் திருகி எடுத்துப்போட்டுப் பழத்தை மாட்டுக்குப் போடு" என்றார். அவ்வாறே செய்தேன். பழச்சாற்றின் கறை மட்டும் அந்தச் சட்டை கிழியும்வரை போகவில்லை.