மலைச்செடியின் பெயரைப் படத்தில் தேடுவது எப்படி?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தோட்டத்துக் குடும்பங்கள் பலவும் வேன் பிடித்துக் கேமரன் மலைக்குப் புறப்பட்டு விடுகின்றன. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறி, ரிங்லெட்டைக் கடந்து, தானா ராத்தாவை அடையும்போது நாம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் நிற்கிறோம். பிரிஞ்சாங் மலையின் உச்சியோ 2,000 மீட்டரையும் தாண்டியது. நமக்குப் பழக்கமான கித்தா மரமும் செம்பனையும் அங்கே இல்லை. பாசி போர்த்த மரங்களும், நாம் கண்டறியாத பூக்களும், கொடிகளுமே எங்கும் தெரிகின்றன. கையில் கைப்பேசி இருக்கிறது, படம் எடுக்கிறோம். வீடு திரும்பியதும் பிள்ளைகள், “இது என்ன செடி?” என்று கேட்கிறார்கள்.

இந்தக் கேள்விக்குப் படத்தைக் கொண்டு எவ்வளவு தூரம் விடை காணலாம், எந்த இடத்தில் நின்றுவிட வேண்டும் என்பதை இன்று காண்போம்.

செடியை அடையாளம் காண்பது நமக்குப் புதிய கலையன்று. கித்தா இலை ஒன்றைக் காட்டினால் தோட்டத்துச் சிறுவனும் உடனே சொல்லிவிடுவான். ஒரே காம்பின் நுனியில் மூன்று சிற்றிலைகள். காம்பைக் கிள்ளினால் பால். அதே பால் வடியும் மரவள்ளிக்கோ, இலை விரித்த கைவிரல்களைப் போலப் பிரிந்திருக்கும். இங்கே நாம் பூவைப் பார்த்தா சொல்கிறோம்? கித்தாப் பூவை உற்று நோக்கியவர் நம்மில் எத்தனை பேர்? இலை, காம்பு, பால், பட்டை, விதை எல்லாவற்றையும் சேர்த்தே அறிகிறோம். மலைக்குச் சென்றதும் இந்தப் பழக்கத்தை மறந்து, அழகாக இருக்கிறதே என்று பூவை மட்டும் படம் எடுத்து வந்துவிடுகிறோம். பெயர் கிடைக்காமற் போவதற்கு இதுவே முதற் காரணம்.

ஒரு செடிக்கு ஒரு படம் போதாது. ஐந்தாறு படங்கள் வேண்டும். முதலாவது, முழுச்செடியும் அது நிற்கும் இடமும் தெரிய ஒரு படம். அது நிலத்தில் வேரூன்றியதா, மரத்தின்மேல் ஒட்டி வளர்வதா என்பது இதில் தெரியும். இரண்டாவது, தண்டில் இலைகள் அமைந்துள்ள விதம். அவை எதிரெதிராக இணைந்து நிற்கின்றனவா, மாறி மாறி நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, இலையின் மேற்புறம். நான்காவது, அதன் அடிப்புறம். நரம்பும், உரோமமும், செதிலும் பெரும்பாலும் அடிப்புறத்தில்தான் தெளிவாகத் தெரியும். ஐந்தாவது, பூவின் முன்தோற்றமும் பக்கத்தோற்றமும். காய் இருந்தால் அதற்கும் ஒரு படம். பக்கத்தில் 20 சென் நாணயம் ஒன்றை வைத்துவிட்டால் அளவு விளங்கிவிடும். இப்போதைய நாணயத்தின் குறுக்களவு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். இடத்தையும் தேதியையும் குறித்துக்கொள்வதும் மிக அவசியம்.

தோற்றம் ஏமாற்றும் என்பதற்குத் தேயிலையே சான்று. கவாத்து செய்த தேயிலை இடுப்பளவுப் புதராக நிற்கிறது. கவாத்து செய்யாமல் விட்டால் அதுவே மரமாக ஓங்கிவிடும். தொலைவிலிருந்து எடுத்த இரண்டு படங்களைப் பார்ப்பவர், இவை ஒரே செடி என்று நம்பமாட்டார். இலையின் பல்விளிம்பையும், வெள்ளைப் பூவின் நடுவே மஞ்சள் மகரந்தக் கேசரங்களையும் காட்டினால் ஐயம் தீர்ந்துவிடும்.

அடுத்து, மலாய்க்காரர்கள் ‘பெரியுக் கெரா’, அதாவது குரங்குச் சட்டி, என்று அழைக்கும் குடுவைச் செடியைப் பார்ப்போம். இலை நுனியில் தொங்கும் குடுவைக்குள் பூச்சிகள் விழுந்து செரித்துப்போகின்றன. ஒரே செடியில் தரையோரக் குடுவைகள் உருண்டு திரண்டும், மேலே கொடியில் தொங்குபவை புனலைப் போல நீண்டும் இருப்பதுண்டு. இரண்டையும் தனித்தனியே படம் எடுத்தால், இரண்டு வகைச் செடிகள் என்றே எண்ணத் தோன்றும். இதற்கு மாறாக, ஒன்றுபோல் தோன்றும் இரு வகைகளும் உண்டு. தீபகற்ப மலேசியாவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராத ‘நெப்பந்தஸ் மக்ஃபார்லனை’ என்ற வகைக்கு, குடுவை மூடியின் அடிப்புறத்தில் உரோமம் அடர்ந்திருக்கும். ‘நெப்பந்தஸ் சங்குவினியா’ என்ற வகைக்கு அந்த அடர்ந்த உரோமம் இராது. மூடியின் அடிப்புறத்தைப் படம் எடுக்காதவர் இவ்வேறுபாட்டைக் காண்பதெங்ஙனம்?

இதுவரை சொன்னது அறிவுக்கு விருந்து. இனிச் சொல்லப்போவது உயிரோடு தொடர்புடையது. தாய்மார்கள் சற்றுக் கவனமாகக் கேட்க வேண்டும்.

ஆற்றோரங்களில் பறித்துச் சமைக்கும் ‘பூச்சுக் பாக்கு’ என்ற பெரணிக் கீரையை நாம் அறிவோம். அதன் இளங்குருத்து சுருண்டு, பிடில் வாத்தியத்தின் தலையைப் போல இருக்கும். மலைச்சரிவின் வெட்டவெளிகளில் ‘பிராக்கன்’ என்ற வேறொரு பெரணியும் வளர்கிறது. அதன் குருத்தும் சுருண்டே இருக்கும். ஆனால் அதில் புற்றுநோயை உண்டாக்கும் நச்சுப்பொருள் உள்ளது. அதை மேய்ந்த கால்நடைகள் நோயுற்று மடிகின்றன. குருத்தின் படத்தை மட்டும் பார்த்து இவற்றைப் பிரித்தறிவது எளிதன்று. அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். கீரைப் பெரணி ஈர நிலத்தில் கொத்தாக எழும். காம்பின் அடியில் கருஞ்செதில்கள் இருக்கும். பிராக்கனோ நிலத்தடியில் ஓடும் கிழங்குத் தண்டிலிருந்து தனித்தனியே முளைக்கும். அதற்குச் செதில் இல்லை, உரோமமே உண்டு.

மற்றொன்று, மலைநாட்டு வீட்டு வாசல்களிலும் வேலியோரங்களிலும் தலைகீழாகத் தொங்கும் பெரிய எக்காளப் பூ. இது தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. நம் முன்னோர் அறிந்த ஊமத்தையின் நெருங்கிய உறவு. ஊமத்தைப் பூ நிமிர்ந்து நிற்கும், காயில் முள் இருக்கும்; இதன் பூ தொங்கும், காயில் முள் இராது. இரண்டிலும் பூ, இலை, விதை அனைத்தும் நஞ்சே. கத்தரி, தக்காளி, மணத்தக்காளி ஆகியவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். ஒரே குடும்பத்தில் கறிக்கு ஆவதும் உண்டு, உயிரை வாங்குவதும் உண்டு. ஆகவே, “பார்ப்பதற்கு மணத்தக்காளி போலத்தான் இருக்கிறது” என்று சொல்லிப் பறித்து வருவது கூடாது.

இக்காலத்தில் கைப்பேசிச் செயலிகள் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்கின்றனவே என்று கேட்கலாம். அவை தம்மிடமுள்ள ஏராளமான படங்களோடு ஒப்பிட்டு, நெருங்கி வருவதைச் சொல்கின்றன. தேடலைத் தொடங்குவதற்கு அவை நல்ல துணை. ஆனால் நம் படத்தில் இல்லாத வேரையும், இலையின் அடிப்புறத்தையும் அவை எப்படிப் பார்க்கும்? செயலி சொல்லும் பெயரை ஒரு யோசனையாகக் கொள்ளலாமே தவிர, தீர்ப்பாகக் கொள்ளலாகாது.

தாவர அறிஞர்களே படத்தோடும் தொலைப்பார்வையோடும் நிறைவடைவதில்லை. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் பணியாற்றிய கோர்னர் என்ற ஆங்கிலேய அறிஞர், 1930களின் பிற்பகுதியில், தேங்காய் பறிக்கும் ‘பெரோக்’ குரங்குகளைப் பழக்கி, உயர்ந்த மரங்களின் கிளைகளைப் பறித்துப்போடச் செய்தார். பூவும் இலையும் காயும் கொண்ட கிளை கைக்கு வந்தால்தான் மரத்தின் பெயரை உறுதியாகச் சொல்ல முடியும் என்பதே அதன் காரணம். கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வுக் கழகத்தில் இத்தகைய உலர்ந்த கிளைகளைத் தாள்களில் ஒட்டி இன்றும் பாதுகாத்து வருகிறார்கள்.

அதற்காக நாமும் கிளையை ஒடிக்கலாம் என்று பொருளல்ல. வனக் காப்பகத்தில் அனுமதியின்றிச் செடி பறிப்பது குற்றம். அன்றியும், குளிர்ந்த மலையில் வளரும் குடுவைச் செடியைப் பிடுங்கிவந்து, வெயில் காயும் நம் லயத்து வாசலில் நட்டால் அது பிழைப்பது அரிது. படம் எடுத்தால் செடியும் அங்கேயே இருக்கும்; அடுத்து வரும் பிள்ளைகளும் அதைக் காண்பார்கள்.

பிள்ளைகள் தெரியாமல் எதையேனும் தின்றுவிட்டால், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு நேரத்தை வீணாக்காதீர்கள். வலிந்து வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தின்ற செடியின் இலை, காய் துண்டுகளையும் படத்தையும் உடன் கொண்டு போங்கள். பல்வேறு பக்கங்களிலிருந்து எடுத்த படம் மருத்துவருக்கு அப்போது பெரிதும் உதவும்.

ஆகவே நேயர்களே, பூவோடு இலையையும், இலையோடு அதன் அடிப்புறத்தையும், செடியோடு அது நிற்கும் மண்ணையும் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்குவோம். படத்தில் கிடைத்த பெயரை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கலாம். அதை நம்பி ஓர் இலையையும் அடுப்பில் ஏற்ற வேண்டாம்.