இணைப்புத் தரவுகளின் காலப்பொருத்தம்

வலையில் யாவரும் எடுத்தாளத்தக்க வகையில் திறந்துவைக்கப்பட்டுள்ள தரவுகள் ஆய்வாளருக்குப் பெரும்பயன் விளைப்பன. எனினும், ஒரு தரவு கிடைக்கின்றது என்பதும் அது இன்று பொருந்துகின்றது என்பதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை எவ்வாறு அறிவது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருளாகும்.

2006ஆம் ஆண்டில் ரிம் பேணேஸ்-லீ வகுத்துரைத்த நெறிகளின்படி ஒவ்வொரு பொருளும் தனக்கென ஒரு வலைமுகவரியைப் பெறும். அப்பொருள் பற்றிய கூற்று எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்னும் மூன்று உறுப்புக்களால் அமையும். 'கசாக்கஸ்தான் - தலைநகர் - அஸ்தானா' என்பது அத்தகையதொரு கூற்று. ஒரு தொகுப்பின் கூற்று மற்றொரு தொகுப்பிலுள்ள பொருளைச் சுட்டுவதனால் இவை இணைப்புத் தரவுகள் எனப்படுகின்றன. தமிழில் தெரிநிலை வினைமுற்றுக் காலங்காட்டும். மேற்காட்டிய கூற்றோ காலங்காட்டுவதில்லை. இடர்ப்பாட்டின் தோற்றுவாய் இதுவேயாகும்.

அந்நகரின் பெயரையே சான்றாகக் கொள்வோம். அக்மொலின்ஸ்க் என வழங்கிய அந்நகர் 1961இல் செலினோகிராட் எனவும், 1992இல் அக்மொலா எனவும், 1998இல் அஸ்தானா எனவும், 2019 மார்ச்சில் நூர்-சுல்தான் எனவும் பெயர்பெற்றது. 2022 செப்டெம்பரில் மீண்டும் அஸ்தானாவாயிற்று. விக்கிப்பீடியாவிலிருந்து தரவுகளைப் பிரித்தெடுக்கும் டிபிபீடியா, 2016 ஒக்டோபர் மாத நிலையைக் காட்டும் பதிப்பொன்றை 2017இல் வெளியிட்டது. அப்பதிப்பில் அஸ்தானா என்ற பெயரே உண்டு. 2020இல் தொகுக்கப்பட்ட பட்டியலொன்றில் நூர்-சுல்தான் என்றிருப்பின் அஃது அன்று சரியானதே. ஆனால், இன்று நோக்குமிடத்துப் பழைய பதிவு பொருந்துகின்றது. புதிய பதிவு பிழைபடுகின்றது. ஆகவே, தரவின் வயது வேறு, அதன் செல்லுபடி வேறு என்பது தெளிவாகும்.

இவ்விரண்டையும் தொடர்புபடுத்தும் அளவையொன்றை 1998இல் பலூ முதலிய ஆய்வாளர் எடுத்துரைத்தனர். தரவின் வயதை அது செல்லுபடியாகக்கூடிய காலத்தால் வகுத்து, ஈவை ஒன்றிலிருந்து கழித்தல் அதன் சாரமாகும். பத்தாண்டுக்கொருமுறை எடுக்கப்படும் குடிமதிப்புத் தரவு ஈராண்டு வயதினதாயின் மதிப்பு 0.8 ஆகும், ஒரு நாளே செல்லுபடியாகும் சந்தை விலை ஈராண்டு வயதினதாயின் மதிப்புச் சுழியமாகும். மாற்றம் ஒழுங்காக நிகழும் துறைகளில் இவ்வளவை பயன்தரும். ஆனால், நாம் கண்ட நகரின் பெயர்கள் முறையே 31, 6, 21, 3 ஆண்டுகள் நிலைத்தன. இவற்றிலிருந்து அடுத்த மாற்றத்தை யாரும் கணித்தல் இயலாது. இத்தகைய தரவுகளுக்கு மூலத்தை நேரே ஒப்புநோக்குதலன்றி வேறு வழியில்லை.

கோப்பிற் காணப்படும் 'இறுதியாக மாற்றப்பட்ட நாள்' என்னுங் குறிப்பையும் நாம் எச்சரிக்கையோடு நோக்குதல் வேண்டும். பழைய உள்ளடக்கத்தை மீண்டும் கோப்பாக்கினும் புதிய நாளே பதிவாகும். அந்நாள் கோப்புப் பிறந்த நாளேயன்றி, உண்மை சரிபார்க்கப்பட்ட நாளன்று. மறுதலையாக, நெடுங்காலம் மாறாத கோப்பு யாவும் பழுதுபட்டது என்பதுமில்லை. ஒருவர் பிறந்த ஆண்டு மாறுவதில்லை.

2012இல் தொடங்கப்பெற்ற விக்கித்தரவு இதற்கு ஓரளவு தீர்வு காண்கின்றது. அதில் ஒரு கூற்றுக்குத் தொடக்க நாள், முடிவு நாள் ஆகியவற்றை அடைகளாகவும், ஆதாரத்தைத் தனியாகவும் இணைக்கலாம். பொருளின் அடையாளம் பெயராக அன்றி எண்ணாக அமைதலால், பெயர் மாறினும் இணைப்பு அறுவதில்லை. ஆயினும், அடைகளை இடுவோர் மனிதரே; அவர் இடாதவிடத்து இடர்ப்பாடு பழையபடியே நிற்கும்.

இணைப்புத் தரவுகளைக் கையாள்வோர் மறக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. பல தொகுப்புக்களை இணைத்துப் பெறும் முடிபின் காலப்பொருத்தம், அவற்றுள் நலிந்த கண்ணியின் காலப்பொருத்தத்தை விஞ்சாது. ஏனையவை நேற்றுப் புதுப்பிக்கப்பட்டிருப்பினும், காலங்கடந்த ஒரு கூற்று முடிபு முழுவதையும் பிழைபடுத்தும். எனவே, எப்போது பதியப்பட்டது, எக்காலத்துக்கு உரியது, எம்மூலத்திலிருந்து வந்தது என்னும் மூன்று வினாக்களையும் ஒவ்வொரு கண்ணியிடத்தும் எழுப்புதல் வேண்டும். விடை கிடையாத தரவை உண்மையெனக் கொள்ளாது, சரிபார்த்தற்குரியதெனக் கொள்வதே ஆய்வு நெறிக்கு ஏற்புடைத்தாகும்.