முந்நூறு பொறிக்கு மேல்

சிவகாசிப் பிள்ளைகளிடம் கணினியில் சொந்தமாக ஒரு விளையாட்டு செய்யச் சொன்னால் பாதிப் பேர் வாணவெடிதான் செய்கிறார்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் என் வகுப்பில் வேறு பேச்சே கிடையாது. நாங்கள் பயன்படுத்துவது ‘ஸ்கிராட்ச்’. பிளாக்குகளை அடுக்கியே நிரல் எழுதலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2007இல் வெளியிட்ட இலவச மென்பொருள்.

“மிஸ், நாலு வெடி ஒண்ணாப் போட்டா பாதிப் பொறி வரவே மாட்டேங்குது” என்றாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. காரணம் இருக்கிறது. அவள் ஒவ்வொரு பொறியையும் ஒரு ‘குளோன்’ ஆக, அதாவது மூலப் படத்தின் நகலாகச் செய்திருந்தாள். ஒரே நேரத்தில் 300 குளோன்களுக்கு மேல் ஸ்கிராட்ச் விடாது.

அத்தனை நகல் தேவையே இல்லை. ஒவ்வொரு பொறியும் எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகம் என்பதைப் பட்டியலில் எழுதிவைத்தால் போதும். ஒரே ஒரு பொறிப் படம் பட்டியலைப் பார்த்து ஒவ்வோர் இடமாகப் போய் ‘ஸ்டாம்ப்’ குத்திவிட்டு வரும். அடுத்த நொடித்துளியில் எல்லாவற்றையும் அழித்து, புது இடங்களில் மறுபடி குத்த வேண்டும். இதைத் தனி பிளாக்காக்கி, ‘திரையைப் புதுப்பிக்காமல் ஓட்டு’ என்பதையும் டிக் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பொறிகள் ஒவ்வொன்றாக விழுவது கண்ணுக்குத் தெரிந்துவிடும். அணைந்த பொறியின் வரிசையை நீக்காமல், அடுத்த வெடியின் பொறிக்குக் கொடுத்துவிடலாம். அவள் மாற்றி எழுதியதும் திரை முழுக்கப் பொறி கொட்டியது. வகுப்பே எழுந்து வந்து பார்த்தது.

இந்த நெருக்கடி பழையது. 1978இல் ஜப்பானின் தோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டில் 55 வேற்றுக்கிரகவாசிகள். அன்றைய சில்லால் அத்தனை பேரையும் ஒரே சமயத்தில் நகர்த்த முடியவில்லை. ஒரு தடவைக்கு ஒருவர்தான். சுடச்சுட எண்ணிக்கை குறையும், மிச்சமிருப்பவர்கள் வேகமெடுப்பார்கள். அந்தப் படபடப்புதான் விளையாட்டுக்கே உயிரானது.

இன்றைய செல்போன் விளையாட்டு பொதுவாக நொடிக்கு 60 முறை திரையை வரைய வேண்டும். ஒரு முறைக்குக் கிடைப்பது 16 மில்லி நொடி சொச்சம். வரைவதைவிட, “இந்தப் படத்தை எடு, இங்கே வை” என்று தனித்தனியாக உத்தரவு போடுவதில்தான் பல சமயம் நேரம் போகிறது. எங்கள் ஊர் பிரஸ்களில் லேபிளுக்கு ஒரு பிளேட் என்று போட மாட்டார்கள். பல லேபிள்களை ஒரே ஷீட்டில் அடுக்கி ஓட்டி, பிறகு கட்டிங்குக்கு அனுப்புவார்கள். விளையாட்டு செய்பவர்களும் சின்னப் படங்களை ஒரே பெரிய படத்தில் அடுக்கி, மொத்தத்துக்கும் ஒரே உத்தரவாகக் கொடுக்கிறார்கள்.

இணைய வசதி இல்லையே என்று பெற்றோரும் ஆசிரியர்களும் தயங்க வேண்டாம். ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஸ்கிராட்ச் ஓடும். இந்தத் தீபாவளி விடுமுறையில் பிள்ளைகளை அதன் முன் உட்கார வையுங்கள். 300 பொறியில் வந்து நின்றால், பட்டியல் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.