நைட் ஷிஃப்ட்டும் புற்றுநோயும்: பரவலைத் தடுக்குமா மெலடோனின்?

அத்திப்பட்டில் ராத்திரி என்பது பெயருக்குத்தான். வடசென்னை அனல்மின் நிலையம், பக்கத்திலேயே வல்லூர் அனல்மின் நிலையம், அந்தப் பக்கம் காமராஜர் துறைமுகம் என எல்லாமே 24 மணி நேரமும் ஓடுபவை. கொதிகலனுக்கும் நிலக்கரிக் கப்பலுக்கும் இருட்டு ஒரு பொருட்டே இல்லை. ஆனால், அங்கே வேலை பார்ப்பவர்களின் உடம்புக்கு அது பெரிய விஷயம். நைட் ஷிஃப்ட் முடித்து அத்திப்பட்டு புதுநகர் ஸ்டேஷனில் காலை ரயிலுக்கு நிற்கும்போது, ‘தூக்கம்தானே, லீவுல தூங்கிக்கலாம்’ என்று சமாதானம் சொல்லிக்கொள்வது சகஜம்.

கெடுவது தூக்கம் மட்டும்தானா?

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐ.ஏ.ஆர்.சி., உடல் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிஃப்ட் வேலையை 2007-ல் ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற 2ஏ பிரிவில் சேர்த்தது. 2019-ல் மறுபடியும் ஆராய்ந்து, நைட் ஷிஃப்ட்டை அதே பிரிவில் வைத்தது. பதற வேண்டாம். ஆட்டுக்கறி, மாட்டுக்கறி போன்ற சிவப்பு இறைச்சியும் இதே பிரிவில்தான் இருக்கிறது. ஆதாரம் எவ்வளவு வலுவானது என்பதைத்தான் இந்தப் பிரிவு சொல்கிறது. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அல்ல.

இந்தச் சந்தேகத்தின் நடுவில் நிற்பது ஒரு ஹார்மோன். பெயர் மெலடோனின்.

யார் இந்த மெலடோனின்?

மூளையின் நடுவே பட்டாணி அளவுக்கும் சிறியதாக பினியல் சுரப்பி இருக்கிறது. இருட்டினால் அது மெலடோனினைச் சுரக்கும். ‘ராத்திரி ஆயிடுச்சு’ என்று உடம்பு முழுக்கத் தண்டோரா போடுவது இதன் வேலை. கண்ணில் பிரகாசமான வெளிச்சம், குறிப்பாக நீல நிற வெளிச்சம் பட்டால் சுரப்பு குறைந்துவிடும். 1958-ல் இதைக் கண்டுபிடித்த அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர் ஆரன் லெர்னர் ஒரு தோல் மருத்துவர். தோல் நோய்க்கு மருந்து தேடி, மாடுகளின் பினியல் சுரப்பியை அலசப் போய்க் கிடைத்தது இது.

புற்றுநோய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு?

2005-ல் டேவிட் பிளாஸ்க் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு நடத்திய சோதனை இதில் முக்கியமானது. பெண்களிடம் மூன்று விதமாக ரத்தம் எடுத்தார்கள். ஒன்று பகலில். இன்னொன்று இருட்டில், நடுராத்திரியில். மூன்றாவதும் ராத்திரிதான், ஆனால், 90 நிமிடம் பிரகாசமான விளக்கொளியில் இருக்க வைத்த பிறகு. மனித மார்பகப் புற்றுக்கட்டியை எலிகளின் உடலில் வளர்த்து, அந்தக் கட்டிகளுக்குள் இந்த ரத்தத்தைச் செலுத்தினார்கள். மெலடோனின் நிறைந்த இருட்டு நேர ரத்தம் கட்டியின் வளர்ச்சியை அடக்கியது. பகல் ரத்தம் அடக்கவில்லை. விளக்கொளி பட்ட ராத்திரி ரத்தமும் கிட்டத்தட்ட பகல் ரத்தம் மாதிரியேதான் நடந்துகொண்டது!

சரி, பரவலுக்கு வருவோம். புற்றுநோயில் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது முதல் கட்டி அல்ல. அது வேறு உறுப்புகளுக்குப் பரவுவதுதான். செல் ஒன்று பக்கத்துச் செல்லின் பிடியிலிருந்து கழன்று, சுற்றியிருக்கும் திசுவை நொதிகளால் அரித்து, ரத்தக் குழாய்க்குள் நுழைந்து வேறு இடத்தில் குடியேற வேண்டும். மெலடோனின் கொடுத்தால் இந்த அரிக்கும் நொதிகள் குறைவதையும், கட்டிக்கு ரத்தம் கொண்டுவரும் புதிய குழாய்கள் முளைப்பது தணிவதையும் பல ஆய்வகங்கள் பார்த்திருக்கின்றன. செல்லின் நகர்வுக்கு உதவும் ராக்-1 என்ற புரதத்தை மெலடோனின் குறைப்பதாக, மார்பகப் புற்றுநோய் பற்றிய ஓர் ஆய்வு 2016-ல் சொன்னது.

நம்ம ஊரிலும் இது புதிதல்ல. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ரசாயனத்தால் கல்லீரல் புற்றுநோய் உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு மெலடோனின் கொடுத்துப் பார்த்து, செல்களைச் சிதைக்கும் ஆக்சிஜனேற்றப் பாதிப்பு குறைவதாக 2005-லேயே எழுதினார்கள்.

அப்போ மாத்திரை வாங்கிப் போடலாமா?

இங்கேதான் பிரேக் போட வேண்டும். மேலே சொன்னதெல்லாம் எலியிலும் கண்ணாடித் தட்டிலும் நடந்தவை. கனடாவில் நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடித்த 709 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு தினமும் 20 மில்லிகிராம் மெலடோனினும் இன்னொரு குழுவுக்கு வெறும் மாத்திரையும் ஓராண்டு கொடுத்தார்கள். 2021-ல் முடிவு வந்தது. இரண்டு ஆண்டுகளில் நோய் திரும்பாமல் இருந்தவர்களின் விகிதத்தில் வித்தியாசம் இல்லை.

இன்னொரு திருப்பமும் உண்டு. சுவிட்சர்லாந்தின் இ.டி.எச். சூரிச் குழு 2022-ல், மார்பகப் புற்றுநோயுள்ள 30 பெண்களிடம் அதிகாலை 4 மணிக்கும் காலை 10 மணிக்கும் ரத்தம் எடுத்தது. கட்டியிலிருந்து கழன்று ரத்தத்தில் சுற்றும் செல்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தூங்கும் நேரத்தில் எடுத்த ரத்தத்தில் இருந்தன. இந்தத் தாளத்தை இயக்குவதில் மெலடோனினுக்கும் பங்கு உண்டு என்றது அந்த ஆய்வு. அதற்காக, தூங்காமல் இருந்தால் நல்லது என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. மெலடோனின் நல்லவன், புற்றுநோய் கெட்டவன் என்ற சினிமாக் கதை இங்கே செல்லாது, அவ்வளவுதான்.

ஆன்லைனில் மெலடோனின் மிட்டாய் போலவே விற்கிறது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும் கீமோ எடுப்பவர்களும் டாக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது. சிகிச்சையை நிறுத்திவிட்டு இதை நம்புவது இன்னும் ஆபத்து.

நைட் ஷிஃப்ட்டில் இருப்பவர்கள் என்ன செய்வது?

30 ஆண்டுக்கு மேல் மாறி மாறி நைட் ஷிஃப்ட் பார்த்த அமெரிக்க நர்ஸ்களுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபத்து 36 சதவீதம் அதிகம் என்று 2001-ல் ஓர் ஆய்வு சொன்னது. 2016-ல் பிரிட்டனிலிருந்து வந்த பெரிய ஆய்வோ அப்படி எதுவும் இல்லை என்றது. வழக்கு இன்னும் முடியவில்லை.

ஆனால், பகலில் தூங்கும்போது அறையை இருட்டாக்குவதில் நஷ்டம் எதுவும் இல்லை. ஜன்னலுக்கு அடர்த்தியான திரை, கண்ணுக்குப் பட்டை, தூங்கப் போகும் முன் மொபைலைத் தள்ளி வைப்பது ஆகியவை உதவும். தகர ஷீட் கூரையின் கீழ், நண்பகல் வெக்கையில், ஒரே அறையில் பிள்ளைகளோடு இருப்பவருக்கு இதைச் சொல்வது சுலபம், செய்வது கஷ்டம். கம்பெனி கையில் இருப்பது அதிகம்: தொடர்ச்சியான நைட் ஷிஃப்ட்டுகளைக் குறைப்பது, ஒரு ஷிஃப்ட்டுக்கும் அடுத்ததற்கும் போதிய இடைவெளி விடுவது.

டென்மார்க்கில், நைட் ஷிஃப்ட்டில் பல ஆண்டு வேலை பார்த்து மார்பகப் புற்றுநோய் வந்த கிட்டத்தட்ட 40 பெண்களுக்கு இழப்பீடு கிடைத்த செய்தி 2009-ல் வெளியானது. இந்தியச் சட்டத்தில் தொழில்சார் நோய்களுக்கென ஓர் அட்டவணை உண்டு. கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோய் அதில் இருக்கிறது. நைட் ஷிஃப்ட் இல்லை.