தங்கத்துக்கு அரைத்த மண்

பங்காருப்பேட்டையில் பிரியும் ரயில் பாதை உரிகம், சாம்பியன் நிலையங்களைத் தாண்டி மாரிகுப்பத்தில் முடிந்துவிடுகிறது. கோலார் தங்கவயல் என்பது இந்தச் சின்னப் பாதையைச் சுற்றி விரிந்த ஊர். வீடுகளுக்குப் பின்னால் வெளிறிய மேடுகள் எழுந்து நிற்கும். உச்சி தட்டையாக இருக்கும், பக்கவாட்டில் மழை அறுத்த வரிகள் ஆழமாக இறங்கும். ஊரார் வாயில் அது சயனைடு மலை. ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, இந்த மலை பறக்கும். துவைத்துக் காயப்போட்ட துணியிலும், மூடாமல் வைத்த சோற்றிலும் வந்து உட்காரும்.

வந்தவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி, ஏன் இதன்மேல் பச்சையே காணோம் என்பது. "சயனைடு இருக்கிறதே" என்று சட்டென்று பதில் சொல்லிவிடுவோம். அது பாதி உண்மைகூட இல்லை.

1880-களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே சுரங்கம் வெட்டத் தொடங்கியது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் கதவைச் சாத்தியது. இடைப்பட்ட காலத்தில், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்தும் போன தமிழர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் பாறையை உடைத்து மேலே அனுப்பினார்கள். வெண்கல் பாறைக்குள் தங்கம் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாக ஒளிந்திருக்கும். அதைக் கரைத்து எடுக்க 1887-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் ஒரு வழி கண்டார்கள். பாறையை மாவாக அரைத்து, மிக நீர்த்த சயனைடு கரைசலில் ஊறவைப்பது. கரைசல் தங்கத்தைத் தொட்டால்தான் கரைக்கும். எனவே எவ்வளவு நைசாக அரைக்கிறோமோ அவ்வளவு லாபம். அரைத்த மாவின் பெரும்பகுதி தலைமுடியின் பருமன்கூட இல்லாத பொடி. தங்கத்தை வாங்கிக்கொண்டு மீதியைக் குழம்பாக வெளியே விட்டார்கள். அது காய்ந்து, மேலே மேலே சேர்ந்து, 13 மேடுகள் ஆயிற்று. எடை சுமார் 3 கோடியே 30 லட்சம் டன்.

சயனைடு வெயிலுக்கும் காற்றுக்கும் நிற்காது. இரும்போடு பிணைந்த பங்கு நீண்ட நாள் தங்கும். மற்றது மேற்பரப்பில் மெல்லச் சிதைந்துவிடும். செடியைத் தடுப்பதில் பெரும்பங்கு அந்த அரைப்புக்குத்தான். தங்கத்துக்கு எது நல்லதோ அதுவே வேருக்கு ஆகாமல் போனது.

இதைப் புரிந்துகொள்ள அடுப்படியில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் ஒன்று போதும். அதைத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, படுக்கைவாட்டில் உள்ளங்கையில் ஏந்துங்கள். கொஞ்ச நேரம் சொட்டும், பிறகு நிற்கும். இனி சொட்டாது என்று நினைக்கும்போது அதை நீளவாட்டில் நிமிர்த்துங்கள். மறுபடியும் கொட்டும்! யாரும் பிழியவில்லை, உயரம்தான் கூடியது. எந்த நுண்துளைப் பொருளும் தன் அடிப்பகுதியில் குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், அதற்கு மேல் இருப்பதைத்தான் விட்டுக்கொடுக்கும். துளை எவ்வளவு சிறியதோ, பிடித்துவைக்கும் உயரம் அவ்வளவு அதிகம். நைசான மண்ணை நாலு அங்குலத் தொட்டியில் நிரப்பினால் அந்த நாலு அங்குலமும் சேறுதான்; வேருக்கு மூச்சுவிட இடமில்லை. சரளையைப் போட்டால் அடியில் மட்டும் ஈரம் நிற்கும், மேலே காற்று புகும்.

மொட்டைமாடியில் தோட்டம் போடுகிறவர்களின் தலைவலி முழுவதும் இதில்தான் இருக்கிறது. தோட்ட மண்ணை அள்ளி மாடியில் பரப்பினால் முதல் சிக்கல் எடை. 1000 சதுர அடியில் நாலு அங்குலம் நனைந்த மண் என்றால் 16, 17 டன். இரண்டாவது, மேலே சொன்ன சேறு. ஜெர்மனியில் 19-ஆம் நூற்றாண்டிலேயே தார் பூசிய கூரைகள் தீப்பிடிக்காமலிருக்க அவற்றின்மேல் மணலும் சரளையும் பரப்பினார்கள். யாரும் விதைக்காமல் அதில் செடிகள் முளைத்தன. அங்கிருந்து படித்த பாடம்தான் இன்றைய கூரைத்தோட்ட மண்: பெரும்பகுதி சுட்ட களிமண் உருண்டை, எரிமலை நுரைக்கல், உடைத்த செங்கல், கொஞ்சமே கொஞ்சம் மட்கு. உரம் தூக்கலாக இருந்தால் செடி தளதளவென்று வளர்ந்து, முதல் கோடையிலேயே தலை சாயும். தமிழக அரசு 2013 வாக்கில் சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் கொடுத்த மாடித்தோட்டப் பைகளுக்குத் தேங்காய் நார்க்கழிவுக் கட்டி தந்தார்கள். எடை குறைவு, ஈரம் காக்கும், கத்தரிக்கும் தக்காளிக்கும் நல்லது. ஆனால் அது மட்கி அமுங்கிப்போகும். கூரையில் ஆண்டுக்கணக்கில் கிடக்கவேண்டிய மண்ணாக அது உதவாது. செங்கல் ஜல்லி உதவும். சுண்ணாம்போடு செங்கல் ஜல்லி கலந்து மாடித்தளம் போட்ட ஊர் நம்முடையது. கோபுரத்து வெடிப்பில் ஒரு பிடி காரைத்தூளை நம்பி அரசங்கன்று எழுவதை நாம் பார்க்காததா?

சயனைடு மலைக்கு வருவோம். அதுவும் ஒரு கூரைதான்: அடியில் உயிருள்ள மண் கிடையாது, நிழல் கிடையாது, காற்று நாலு பக்கமும் அடிக்கும். ஆனால் மாடிக்குத் தேவையானதற்கு நேர் எதிரான பொடி. மழை பெய்தால் மேற்பரப்பு அப்பளம்போல் இறுகி, தண்ணீரை உள்ளே விடாமல் பக்கவாட்டில் வழியவிடும். அந்த வரிகள் அப்படி வந்தவை. வெயில் ஏறினால், இப்படிப்பட்ட நைசான பொடி ஆழத்து ஈரத்தைத் திரிபோல் மேலே இழுக்கும். நீர் ஆவியாகும், அதனுடன் வந்த உப்பு மேலே தங்கும். கந்தகம் கலந்த தாதுப்பொடி காற்றுப்பட்டு அமிலம் சுரக்கும். தழைச்சத்து என்பது அறவே இல்லை. இவ்வளவையும் மீறி ஒரு விதை முளைத்தால், பறக்கும் மணல் உப்புத்தாள் போல அதன் தண்டைத் தேய்த்துவிடும்.

இதே வேதனையை ஜோகன்னஸ்பர்க் அனுபவித்தது. அங்கே 1960-களில் சுரங்கக் கழிவு மேடுகளில் நாணல் தட்டிகளை வரிசையாக நட்டுக் காற்றை உடைத்தார்கள். பனிபோல் நீர் தெளித்து அமிலத்தைக் கீழே தள்ளினார்கள், சுண்ணாம்பு தூவினார்கள், பிறகுதான் புல் விதைத்தார்கள். (அந்த ஊரில் ஒரு மேட்டின் உச்சியில் 'டாப் ஸ்டார்' என்று காரில் உட்கார்ந்து படம் பார்க்கும் தியேட்டரே இருந்தது. அவர்கள் மேட்டில் சினிமா காட்டினார்கள். நாம் நம் மேட்டில் 'கே.ஜி.எஃப்' சினிமா எடுத்தோம்.) இன்னும் உறுதியான வழி, பொடிக்கு மேல் முதலில் ஓர் அடுக்கு உடைகல், அதன்மேல் மண். கல்லிடுக்கின் பெரிய துளையைத் தாண்டி உப்பால் ஏற முடியாது. மாடித்தோட்டத்தின் அடியில் ஜல்லி போடுவதும் இந்த உடைகல் அடுக்கும் தோற்றத்தில் ஒன்றுதான். ஜல்லி தண்ணீரை இறக்கிவிட, இது உப்பை ஏறவிடாமல் தடுக்க.

செலவு பிடிக்கும் வேலை. ஆனால் அதற்கான சமயம் இப்போது வந்திருக்கிறது. இந்த 13 மேடுகளையும் மறுபடி அரைத்துத் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஆயிரம் ஏக்கருக்கு மேல் நிலம். உடைகல்லுக்கும் மேல்மண்ணுக்கும் ஆகும் பணத்தை அந்தத் திட்டக் கணக்கிலேயே இப்போதே எழுதவேண்டும்; தங்கம் எடுத்து முடித்தபின் கேட்டால் கிடைக்காது. இந்த மேடுகளில் ஒரு டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத்தான் தங்கம் இருக்கிறது. மற்றதெல்லாம் பொடியாகவே திரும்ப வந்து இதே ஊரில் குவியும்.