குரோமோசோமின் கரங்களை அளத்தல்

தாவரச் செல்லில் எத்தனை குரோமோசோம்கள் உள்ளன என்று எண்ணிவிடுவது ஓரளவு எளிது. வெங்காயத்தில் 16, நெல்லில் 24, ரொட்டிக் கோதுமையில் 42 என்று பாடநூல்களே சொல்லும். அவற்றுள் எது எது என்று பிரித்தறிவதே கடினம். அதற்கு ஒவ்வொன்றையும் அளந்தாக வேண்டும்.

செல் பிரியும் வேளையில்தான் குரோமோசோம்கள் சுருங்கித் தடித்துத் தெளிவாகத் தெரியும் என்பதால், ஓயாது செல்கள் பிரியும் வேர்நுனியை வெட்டி, கோல்சிசின் கரைசலில் இட்டு, பிரிதலை மெட்டாஃபேஸ் என்னும் நடுக்கட்டத்தில் நிறுத்துகின்றனர். பின்னர் வேரைப் பதப்படுத்தி, நீர்த்த அமிலத்தில் மென்மையாக்கி, ஆர்சீன் சாயமேற்றி, சிலைடின் மேல் வைத்து, மெல்லிய மூடுகண்ணாடியால் மூடிக் கட்டைவிரலால் அழுத்தினால் செல்கள் ஒரே அடுக்காகப் பரவும். அழுத்தும்போது கண்ணாடி சற்றே பக்கவாட்டில் நகர்ந்தாலும் அந்தச் சிலைடு வீண்தான்.

குரோமோசோமில் ஒடுங்கித் தெரியும் இடம் சென்ட்ரோமியர். அதன் இருபுறமும் நீள்பவை கரங்கள். கோல்சிசினில் நெடுநேரம் கிடந்த வேரில் குரோமோசோம்கள் மேலும் சுருங்கிவிடுமாதலால் நீளத்தை மட்டும் நம்புவதற்கில்லை. நெடுங்கரத்தைக் குறுங்கரத்தால் வகுத்துக் கிடைக்கும் விகிதமே அதைவிட உறுதியான அடையாளம். 1964இல் லேவன், ஃப்ரெட்கா, சாண்ட்பெர்க் ஆகியோர் வகுத்த முறையில், இவ்விகிதம் 1.7 வரை இருந்தால் மெட்டாசென்ட்ரிக், அதற்கு மேல் 3 வரை சப்மெட்டாசென்ட்ரிக்.

வெங்காயத்தின் பெரிய குரோமோசோம்களுக்குச் சாதாரண ஒளி நுண்ணோக்கியே போதும். நெல்லின் குரோமோசோமோ மெட்டாஃபேஸில் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர் நீளமே உடையது. ஒளியின் அலைத்தன்மையால், சுமார் 200 நானோமீட்டருக்கும் குறைந்த இடைவெளியுள்ள இரு புள்ளிகளை அந்நுண்ணோக்கி ஒன்றாகவே காட்டும். கரங்கள் 1.3, 0.7 மைக்ரோமீட்டர் என்றால் விகிதம் 1.86, சென்ட்ரோமியரை 0.1 மைக்ரோமீட்டர் தள்ளிக் குறித்துவிட்டால் அது 1.5 ஆகி, வகையே மாறிவிடும். ஒளிரும் சாயமேற்றிய மாதிரியின் மேல் வரிவரியான ஒளியைப் பாய்ச்சி, வரிகளை நகர்த்தியும் திருப்பியும் எடுத்த படங்களைக் கணினியில் இணைக்கும் நுண்ணோக்கிகள் இவ்வெல்லையை ஏறத்தாழ 100 நானோமீட்டருக்குக் குறைத்துள்ளன.

கருவியைக் கூர்மையாக்காமல் குரோமோசோமையே நீளமாகப் பிடிக்கும் வழியும் உண்டு. மகரந்தத் தாய்செல்லில், பாக்கிட்டீன் என்னும் கட்டத்தில், நெல்லின் 24 குரோமோசோம்கள் இணைசேர்ந்து 12 நீண்ட இழைகளாக, மெட்டாஃபேஸில் உள்ளதைப் போலப் பல மடங்கு நீளத்துடன் கிடக்கும். விலையுயர்ந்த நுண்ணோக்கி எட்டாத ஆய்வகத்துக்கும் இத்தாய்செல்களைக் கொண்ட பொதிப்பருவத்து இளங்கதிர் எட்டும்.