மலைக்காகப் பிறந்த டர்போ
(கூழ்க் கிடங்கு கார் – 7)

சித்தூர் மாம்பழக்கூழ் கிடங்கில் டிரம்களுக்கு நடுவே கிடந்த ஆக்டேவியா ஷெட்டுக்கு வந்த கதையும், டைமிங் பெல்ட் மாற்றும்வரை சாவி போடக்கூடாது என்று மெக்கானிக் அண்ணன் விதித்த தடையும் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். பெல்ட் மாற்றியாயிற்று. என்ஜின் ஓடுகிறது. ஆனால் இழுவை இல்லை.

2004-ல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். இது. 1.8 லிட்டர் பெட்ரோல் என்ஜின், சிலிண்டருக்கு ஐந்து வால்வு, 150 குதிரைத்திறன். 210 நியூட்டன் மீட்டர் இழுவிசை 1,750 சுற்றிலேயே வந்துவிட வேண்டும். நம் வண்டியில் 3,000 தாண்டியும் அது வரவில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் பானெட்டுக்குள் 'உஸ்' என்று சத்தம், சைலன்சரில் கரும்புகை. டர்போ போய்விட்டது, புதிதாக வாங்கு என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அண்ணன் கேட்கவில்லை. "முதல்ல காத்து எங்க போவுதுன்னு பார்க்கலாம் சார். டர்போ எங்கியும் ஓடிடாது."

டர்போவின் வாய்க்குழாயைக் கழற்றி, உள்ளே இருந்த சிறு நட்டை இரு விரலால் பிடித்து ஆட்டினார். பக்கவாட்டில் மயிரிழை அசைவு இருக்கலாம், எண்ணெய்ப் படலத்துக்கு அந்த இடம் தேவை. முன்னும் பின்னும் அசைந்தாலோ, பிளேடு சுவரில் உரசினாலோதான் ஆபத்து. இங்கே இரண்டும் இல்லை. அடுத்து ஒரு பி.வி.சி. எண்ட் கேப்பில் ஓட்டை போட்டு, டியூப்லெஸ் டயர் வால்வைச் செருகி, அதைக் குழாயின் வாயில் வைத்துக் கிளாம்ப் முறுக்கினார். கம்ப்ரஸரிலிருந்து கொஞ்சமாகக் காற்று விட்டுக்கொண்டே ஹோஸ் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தெளித்தார். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பதைப் போலத்தான். இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், கண்ணுக்கே தெரியாத முழங்கை வளைவு ரப்பர் ஒன்றிலிருந்து நுரை பொங்கியது. எண்ணெய் ஆவியில் ஊறிக் கொழகொழவென்று ஆகியிருந்தது. என்ஜினுக்குள் போகும் காற்றை சென்சார் முன்னாலேயே அளந்துவிடுகிறது. அந்த அளவுக்குத்தான் பெட்ரோல் போகிறது. அளந்த காற்றில் ஒரு பங்கு வழியிலேயே கசிந்தால் பெட்ரோல் மிஞ்சும். கரும்புகை வந்தது அதனால்தான்.

பிரேக் பற்றி எழுதுவதாகத்தான் போன வாரம் சொல்லியிருந்தேன். ஆனால் இந்த வாரம் படித்த ஒன்று என்னை விடவில்லை.

டர்போ என்றால் வேகம் என்றுதான் நம் மனதில் பதிந்திருக்கிறது. அதன் தொடக்கம் வேறு. சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூகி 1905-ல் காப்புரிமை பெற்றபோது அவர் எண்ணமெல்லாம் வீணாகும் புகையின் ஆற்றலைப் பிடிப்பதில் இருந்தது. அதை மலைமேல் கொண்டுபோனவர் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் சான்ஃபோர்ட் மாஸ். முதல் உலகப் போர்க் காலம். உயரே போகப் போக விமான என்ஜின்களுக்குக் காற்று போதவில்லை. மாஸ் 1918-ல் லிபர்ட்டி விமான என்ஜின் ஒன்றை லாரியில் ஏற்றி, கொலராடோவின் பைக்ஸ் பீக் சிகரத்துக்கு, 14,000 அடிக்கு மேலே, கொண்டுபோனார். தரைமட்டத்தில் 350 குதிரைத்திறன் தந்த என்ஜின் அங்கே 230-தான் தந்தது. டர்போவைப் பூட்டியதும் 356! தரையில் தந்ததைவிட ஆறு கூட. அந்த எண்ணைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து, 1920 பிப்ரவரியில், அமெரிக்க ராணுவ விமானி மேஜர் ஷ்ரோடர் அதே வகை என்ஜினும் டர்போவும் பூட்டிய விமானத்தில் 33,000 அடியைத் தாண்டினார். ஆக்சிஜன் தீர்ந்து மயங்கினார், கண்கள் உறைந்தன, விமானம் தலைகீழாகப் பாய்ந்தது. கீழே வந்தபின் நினைவு திரும்பி, அரைகுறைப் பார்வையோடு தரையிறக்கினார். மனிதனின் மூச்சு நின்ற உயரத்திலும் என்ஜின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

நமக்கும் ஒரு மலை இருக்கிறது. திருமலை சுமார் 850 மீட்டர் உயரம்; அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத கார் ஏறக்குறைய அதே அளவு சக்தியை இழக்கும். டர்போ உள்ள காரில் டர்போ இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுழன்று அதை ஈடுகட்டும். 1944-ல் திறந்த முதல் மலைப்பாதையில் இன்று இறங்குகிறோம், 1974-ல் வந்த இரண்டாவதில் ஏறுகிறோம். ஏறுவதற்குக் குறைந்தது 28 நிமிடம், இறங்குவதற்கு 40 என்று தேவஸ்தானம் வரையறுத்திருக்கிறது. முந்திப் போனால் அபராதம். நல்ல விதி. அந்த 28 நிமிடத்தில் நாலு பேரும் பெட்டிகளுமாக, மூன்றாவது கியரில், என்ஜினைக் கதறவிடாமல் ஏறுவதுதான் இந்தக் காரிடம் நான் கேட்பது.

அதனால்தான் என்ஜின் கம்ப்யூட்டரை ரீமேப் செய்து 190 ஆக்கு என்று சொல்லும் ஷெட் பையன்களுக்கு இப்போதைக்கு இல்லை என்கிறேன். கம்பெனி கொடுத்த 150 முழுதாக வரட்டும். எல்லா ரப்பர் ஹோஸும் சிலிக்கோனுக்கு மாறுகிறது. ஆக்சிலரேட்டரை விட்டதும் மிஞ்சும் டர்போ காற்றைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வின் டயாஃப்ரமும் கிழிந்திருக்கிறது; அதற்குப் பதில் பிஸ்டன் வகை. பேட்டரிக்கு மட்டும் எங்கும் அலையவில்லை, திருப்பதியை ஒட்டிய கரகம்பாடியில்தான் அமர ராஜா ஆலையே இருக்கிறது.

பிரேக் இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போகலாம். நேற்று ஆயில் சம்ப்பைக் கழற்றியபோது ஸ்ட்ரெய்னர் சல்லடையில் பாதி, காப்பிக்கொட்டை நிறத்தில் கருகிய துகளால் அடைத்திருந்தது. நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போ தண்டுக்கு அந்த எண்ணெய்ப் படலம் ஒன்றுதான் பேரிங். ஸ்ட்ரெய்னர் புதிது, எண்ணெய் பம்பைத் திறந்து பார்ப்பது, டர்போவுக்குப் போகும் மெல்லிய எண்ணெய்க் குழாயை மாற்றுவது, இவை முடியாமல் திருமலை அடிவாரத்து அலிபிரி பக்கம் வண்டியைத் திருப்பப் போவதில்லை. அடுத்த வாரம் சம்ப்பிலிருந்தே தொடங்குகிறேன்.